கணக்குச் சொன்ன குற்றம்

ராணுவ காண்டிராக்டில் ஊழல் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கமிஷன்தான். இடைத்தரகர், ரகசியக் கணக்கு, சுவிஸ் பாங்கு. 1987-ல் போபர்ஸ் பீரங்கி விவகாரம் வெடித்ததிலிருந்து இந்தச் சொற்கள் நம் டீக்கடை வரை வந்துவிட்டன.

ஆனால் ஒரு காசுகூட லஞ்சமாகக் கைமாறாமல், ரசீதுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே, மக்கள் பணம் கோடி கோடியாகக் கரைந்து போக வழி உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் போலீஸ் வேண்டியதில்லை. பேரேட்டைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் போதும். அப்படிப்பட்ட ஆள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் எர்னஸ்ட் பிட்ஜெரால்டு என்பவருக்கு நேர்ந்த கதி இதற்குப் பதில் சொல்கிறது. மொத்தம் பதினான்கு வருஷக் கதை. பைல்களோடு மாரடிக்கும் நம்மவர்களுக்கு அதில் பல கட்டங்கள் எங்கோ பார்த்த மாதிரியே இருக்கும்.

பிட்ஜெரால்டு ராணுவ வீரர் அல்ல. கோட்டு போட்ட கணக்கர் என்றுதான் சொல்ல வேண்டும். 1926-ல் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் என்ற தொழில் நகரத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு, திரும்பி வந்து என்ஜினீயரிங் படித்தார். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு நேரம், எத்தனை ஆள், என்ன செலவு என்று கணக்கிடுவதுதான் அவருடைய தொழில். 1965-ல் அமெரிக்க விமானப் படையின் நிதி இலாகாவில் உயர்ந்த சிவில் உத்தியோகம் கிடைத்தது. கம்பெனிகள் காட்டும் செலவுக் கணக்கைச் சரி பார்ப்பது அவருடைய பொறுப்பு.

அந்த இலாகாவில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒரு கருவிக்கு விலை நிர்ணயிக்க, போன தடவை இதே மாதிரிக் கருவிக்கு என்ன செலவானது என்று பார்ப்பார்கள். அதன் மேல் கொஞ்சம் கூட்டுவார்கள். போன தடவை கம்பெனி பாதி நாள் ஆட்களைச் சும்மா உட்கார வைத்திருந்தால் அந்தச் சம்பளமும் செலவுதானே? அதுவும் இந்த வருஷ விலைக்கு அடிப்படையாகிவிடும். போன வருஷத்து வீண் செலவு இந்த வருஷத்து நியாய விலை!

"என்ன செலவானது என்று பார்க்காதீர்கள், என்ன செலவாக வேண்டும் என்று பாருங்கள்" என்பது பிட்ஜெரால்டின் கட்சி. வீட்டுக்காரி காய்கறிக்காரனிடம் பேசும் நியாயத்துக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இலாகாவில் இது பலருக்குக் கசந்தது.

ராட்சத விமானம்

அந்தச் சமயத்தில் விமானப் படை ஒரு பிரம்மாண்டமான சரக்கு விமானத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. பெயர் சி-5ஏ. டாங்கிகளையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பறக்கும். ஜார்ஜியா மாநிலத்தில் லாக்ஹீட் கம்பெனியின் தொழிற்சாலையில் அது தயாராகிக் கொண்டிருந்தது. 115 விமானங்கள், மதிப்பீடு சுமார் 340 கோடி டாலர். டிசைன் முதல் உற்பத்தி வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம். செலவு கூடினால் அது கம்பெனியின் தலைவலி, சர்க்காருக்குக் கவலை இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள்.

ஒப்பந்தத்துக்குள் ஒரு விதி ஒளிந்திருந்தது. விமானங்கள் இரண்டு தவணையாக வரவேண்டும்: முதலில் 58, பிறகு 57. முதல் தவணையில் செலவு ஓர் அளவுக்கு மேல் எகிறினால், அதை வைத்து இரண்டாவது தவணையின் விலை தானாகவே உயரும்.

ஊரில் வீடு கட்டக் கொத்தனாரிடம் பணம் அனுப்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நாம் பம்பாயிலோ பெங்களூரிலோ இருப்போம். செங்கல் எத்தனை வந்தது என்று மாமாதான் பார்க்க வேண்டும். "கீழ் வீட்டுக்கு நான் எவ்வளவு அதிகம் செலவழிக்கிறேனோ, அந்தக் கணக்குப்படி மாடி வீட்டுக்கு நீங்கள் கூலியை உயர்த்தித் தரவேண்டும்" என்று அந்தக் கொத்தனார் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தால் எப்படி இருக்கும்? சிமெண்டை மிச்சம் பிடிக்க அவருக்கு என்ன பைத்தியமா?

இதில் யாரும் யாருக்கும் கவர் கொடுத்ததாகச் சொல்லவில்லை. ஒப்பந்தமே அப்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். சட்டப்படி அது மோசடி ஆகாது என்று வாதிட முடியும். ஆனால் உண்மைச் செலவை ஜனங்களுக்கும் பார்லிமெண்டுக்கும் சொல்லாமல் மறைத்து வைத்தால்? அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

நவம்பர் 13

1968-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு கமிட்டி முன் சாட்சி சொல்ல பிட்ஜெரால்டு அழைக்கப்பட்டார். தலைவர் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர். வீண் செலவு என்றால் வரிந்து கட்டிக்கொண்டு வருபவர். பிட்ஜெரால்டு எழுத்து மூலமான அறிக்கை எதுவும் கொண்டு வரவில்லை. தயாரிக்க வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு.

சி-5ஏ திட்டத்தில் கூடுதல் செலவு 200 கோடி டாலர் வரை போகுமா என்று செனட்டர் கேட்டார். அன்றைய ரூபாய் மதிப்பில் அது 1,500 கோடி.

அந்த இடத்தில் உத்தியோகஸ்தர்கள் சொல்லும் பதில்கள் நமக்குத் தெரியும். "பைலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்." "புள்ளி விவரம் இன்னும் வந்து சேரவில்லை." "அது என் பிரிவு அல்ல." இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் அன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அவரோ, நீங்கள் சொல்லும் தொகை ஏறக்குறைய சரியாக இருக்கலாம் என்று பதில் சொன்னார். தயாரிப்பில் எதிர்பாராத தொழில்நுட்பச் சிக்கல்கள் எழுந்திருப்பதையும் சொன்னார்.

அவர் புதிய ரகசியம் எதையும் வெளியிடவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42.

கம்ப்யூட்டர் தவறாம்!

சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய உத்தியோகம் நிரந்தரமாக்கப்பட்டதாகக் கடிதம் வந்திருந்தது. சாட்சி சொன்ன பன்னிரண்டாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. நிரந்தரம் என்று முன்பு அறிவித்தது கம்ப்யூட்டர் செய்த தவறு என்று! 1968-லேயே அந்த இயந்திரத்தின் தலையில் பழி போடும் கலை வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து வேலை பறிபோனது. உத்தியோகம் அல்ல, வேலை. பெரிய ஆயுதத் திட்டங்களின் கணக்கு அவர் மேஜைக்கு வருவது நின்றது. பதிலாக, தாய்லாந்தில் படை வீரர்களுக்காகக் கட்டிய பந்துருட்டும் விளையாட்டுக் கூடத்தின் செலவை ஆராயச் சொன்னார்கள்.

அவரைப் பற்றி ரகசிய விசாரணையும் நடந்தது. குடி, பெண், கடன் எதுவும் சிக்கவில்லை. ஆள் மகா சிக்கனக்காரர், பழைய ராம்ப்ளர் கார் ஒன்றை ஓட்டிக் கொண்டிருக்கிறார் என்று குறிப்பு எழுதினார்கள். சர்க்கார் பணத்தைச் சிக்கனமாகப் பார்க்க வைத்த ஒருவர் மீது கண்டுபிடித்த குறை இது. ரகசியக் காகிதங்களை வெளியே கொடுத்தார் என்ற பழியும் கிளம்பியது. அது நிலைக்கவில்லை.

1969 நவம்பரில் ஆட்குறைப்பு என்ற பெயரில் அவருடைய பதவியே ரத்து செய்யப்பட்டது. ஆளை நீக்கவில்லை, நாற்காலியைத்தான் நீக்கினோம் என்பது வாதம். 1970 ஜனவரியில் அவர் வெளியே வந்தார். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைத்த பழைய தொழிலுக்கும் போக முடியவில்லை; பிட்ஜெரால்டை வைத்துக்கொண்டு பெண்டகனைப் பகைத்துக்கொள்ள எந்தக் கம்பெனி வரும்? காங்கிரஸ் கமிட்டிகளுக்கு ஆலோசகராக இருந்து காலம் தள்ளினார். 1972-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

விசுவாசம் யாருக்கு?

இந்த ஆளுக்கு வேறு வேலை ஏதாவது கொடுக்கலாமா என்ற யோசனை ஜனாதிபதி நிக்ஸனின் வெள்ளை மாளிகையில் ஒரு கட்டத்தில் எழுந்தது. அதற்குப் பதிலாக 1970 ஜனவரி 20-ந் தேதி அலெக்சாண்டர் பட்டர்பீல்டு என்ற உதவியாளர் ஒரு குறிப்பு எழுதினார். செலவுக் கணக்கில் பிட்ஜெரால்டு முதல்தரமான நிபுணர்தான். ஆனால் விசுவாசத்தில் அவருக்கு மிகக் குறைந்த மார்க்குத்தான் போட முடியும். கொஞ்ச காலம் அவர் ரத்தம் சிந்தட்டும் என்பது அதன் சாரம்.

குறிப்பு எழுதியவருக்கு இதில் வெட்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆபீஸில் "நம்ம ஆள்", "நம்ம ஆள் இல்லை" என்று பிரிப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதானே. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் 1958-லேயே சர்க்கார் ஊழியர்களுக்கு ஒரு நடத்தை விதி நிறைவேற்றியிருந்தது. அதன் முதல் விதியே, தனி மனிதர், கட்சி, இலாகா ஆகியவற்றுக்குக் காட்டும் விசுவாசத்தைவிட உயர்ந்த அறநெறிக்கும் நாட்டுக்கும் காட்டும் விசுவாசம் மேலானது என்பதுதான். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் சாட்சி சொன்னாரா, தெரியாது. ஆனால் அந்த விதிப்படி நடந்தவருக்குத்தான் விசுவாசத்தில் குறைந்த மார்க்கு விழுந்தது.

அந்தக் குறிப்பு 1973-ல் வாட்டர்கேட் விசாரணையின்போது வெளியே வந்தது. அதே வருஷம் ஜனவரி 31-ந் தேதி பத்திரிகை நிருபர்களிடம் பேசிய நிக்ஸன், பிட்ஜெரால்டை நீக்கியது தம்முடைய முடிவுதான், அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாளே வெள்ளை மாளிகை பல்டி அடித்தது: ஜனாதிபதி வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசிவிட்டாராம். ஆனால் அறையில் ஓடிக்கொண்டிருந்த டேப் பல்டி அடிக்கவில்லை. செலவு கூடிவிட்டது என்று அவர் முறையிட்டது பெரிதில்லை, அதை ஊரறியச் சொன்னதுதான் விஷயம் என்ற பொருளில் நிக்ஸன் பேசியது அதில் பதிவாகியிருந்தது.

இந்த ஒரு பேச்சில் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. 200 கோடி டாலர் போனது யாரையும் உறுத்தவில்லை. போனது என்று ஒருவர் சபையில் சொன்னார் பாருங்கள், அதுதான் உறுத்தியது.

கோர்ட்டுப் படிகள்

1973 செப்டம்பரில் சிவில் சர்வீஸ் கமிஷனின் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். பதவி நீக்கம் விதிகளுக்கு மாறானது. மீண்டும் வேலையும் பாக்கிச் சம்பளமும் தரவேண்டும் என்றார். ஆனால் சாட்சி சொன்னதற்குப் பழி வாங்கவே நீக்கினார்கள் என்பது நிரூபணமாகவில்லை என்றும் எழுதினார். ஜெயித்தவருக்குப் பாதி ஜெயம்.

திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். பழைய நாற்காலியைத் தரவில்லை. சம்பளம் வரும், வேலை வராது என்ற நிலை. அதை வரம் என்று நினைப்பவர்களும் உண்டு. பிட்ஜெரால்டு அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குப் போனார். நிக்ஸன் மேலேயே நஷ்டஈட்டு வழக்கு.

1982 ஜூன் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். ஜனாதிபதி பதவியின் காரியமாகச் செய்த எதற்கும் அவர் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. பிட்ஜெரால்டு தோற்றார். முன்கூட்டியே செய்துகொண்ட ஒரு சமரசப்படி நிக்ஸன் அவருக்கு 1 லட்சத்து 42 ஆயிரம் டாலர் கொடுத்திருந்தார் என்பது தனிக் கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் பிட்ஜெரால்டின் பெயர் இன்று நிற்பது ஜனாதிபதிகளுக்குக் கேடயமாக. 2024 ஜூலையில் டிரம்ப் வழக்கில் முன்னாள் ஜனாதிபதிகளுக்குக் கிரிமினல் வழக்கிலிருந்தும் பெருமளவு பாதுகாப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது, துணைக்கு இழுத்த முக்கியமான முன்தீர்ப்பு நிக்ஸன்-பிட்ஜெரால்டு வழக்குதான். சர்க்காரின் கணக்கைக் கேட்டவர் பெயரால் கணக்குக் கேட்க முடியாத ஒரு பதவி!

ஆனால் அதே 1982-ல் விமானப் படையோடு இருந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, பழைய பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. சாட்சி சொன்ன நாளிலிருந்து பதினான்காவது வருஷம்.

விமானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மதிப்பீடு சுமார் 530 கோடி டாலருக்கு ஏறியது. 115 என்று பேசியது 81-ல் நின்றது. எடையைக் குறைக்கப் போய் இறக்கைகள் பலவீனமாகி வெடிப்பு விட்டன. 1980-களில் இறக்கைகளை மாற்றிப் பொருத்த மேலும் சுமார் 150 கோடி டாலர் ஆனது. லாக்ஹீட் கம்பெனியோ 1971-ல் தள்ளாடியது. இந்த விமானத்தின் நஷ்டமும், அதன் பயணி விமானத்துக்கு எஞ்சின் செய்துவந்த ரோல்ஸ் ராய்ஸ் திவாலானதும் சேர்ந்து அடித்தன. 25 கோடி டாலர் கடனுக்குச் சர்க்காரே ஜாமீன் நின்று காப்பாற்றியது. செனட்டில் அது ஒரே ஓட்டில், 49-க்கு 48 என்று தப்பியது. ஐந்து வருஷம் கழித்து, அதே கம்பெனி வெளிநாடுகளில் லஞ்சம் கொடுத்தது அம்பலமாகி, ஜப்பானின் முன்னாள் பிரதமர் டனாகாவே கைதானார்.

435 டாலர் சுத்தியல்

பதவிக்குத் திரும்பிய பிட்ஜெரால்டு சும்மா இருக்கவில்லை. 1980-களில் அமெரிக்கா சிரித்த சில விலைப் பட்டியல்கள் வெளியாயின. ஒரு சுத்தியல் 435 டாலர். ஒரு கழிப்பறை மூடி 640 டாலர். அந்த சி-5 விமானத்திலேயே பொருத்தும் காபி போடும் கருவி ஒன்று 7,622 டாலர்! அந்த விலைக்குக் கும்பகோணத்தில் ஒரு காபி கிளப்பே வைத்திருக்கலாம்.

கணக்கு வேலை பார்ப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகாமல் அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். யாரோ சுத்தியலுக்கு 400 டாலர் என்று பொய் பில் போடவில்லை. ஆர்டரில் நூற்றுக்கணக்கான உதிரி பாகங்கள். கம்பெனியின் பொதுச் செலவை, ஓவர்ஹெட் என்பார்களே, அதைப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு அயிட்டத்துக்கும் சரிசமமாகப் பிரித்துப் போட்டார்கள். நுட்பமான மின்னணுப் பாகத்துக்கும் அதே பங்கு, கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் சுத்தியலுக்கும் அதே பங்கு. ஆகவே சுத்தியல் விலை வெறும் கணக்குப் பிரச்சினை, அதில் மோசடி இல்லை என்று சிலர் சமாதானம் சொன்னார்கள்.

பிட்ஜெரால்டு அதைத் திருப்பிப் போட்டார். சுத்தியல் விலை நமக்குத் தெரியும், அதனால் சிரிக்கிறோம். மின்னணுப் பாகத்தின் விலை நமக்குத் தெரியாது. முழு விமானமும் அதே மாதிரி விலை போட்ட பாகங்களின் குவியல்தான் என்பது அவர் வாதம். எனக்கு இது அசைக்க முடியாத வாதமாகவே படுகிறது.

அந்தக் கூச்சலில் ஒரு நல்லதும் நடந்தது. உள்நாட்டுப் போரின்போது மட்ட ரகச் சரக்கை ராணுவத்தின் தலையில் கட்டிய காண்டிராக்டர்களைப் பிடிக்க 1863-ல் லிங்கன் காலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. துருப்பிடித்துக் கிடந்த அதை 1986-ல் தீட்டி எடுத்தார்கள். சர்க்காரை ஏமாற்றியவர் மூன்று மடங்கு கட்ட வேண்டும். துப்புக் கொடுத்து வழக்கும் போட்டவருக்கு அதில் ஒரு பங்கு. உண்மையைச் சொல்லும் ஊழியர்களைப் பாதுகாக்க 1989-ல் தனிச் சட்டமும் வந்தது. பிட்ஜெரால்டு பட்ட பாடு இவற்றுக்குப் பின்னணியில் உண்டு.

நம் வாசகர்களில் எத்தனையோ பேர் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையிலும், புனேயில் ராணுவக் கணக்கு அலுவலகத்திலும், அம்பர்நாத், கட்கி ஆயுதத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள். சரக்கு வந்ததா, எண்ணிக்கை சரியா, டெண்டரில் சொன்ன தரம்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்கள்தான். "கையெழுத்துப் போட்டு அனுப்பப்பா, மேலே பார்த்துக்கொள்வார்கள்" என்ற குரலை அவர்கள் கேட்டிருப்பார்கள். மேலே இருப்பவரோ, கீழே சரிபார்த்து அனுப்பிவிட்டார்களே என்று கையெழுத்துப் போடுவார். ஒருவர் நிறுத்தி ஒரு ஆட்சேபணை எழுதினால் பைல் நிற்கும். கூடவே பிரமோஷனும் நிற்கலாம், மொழி தெரியாத ஊருக்கு மாற்றல் வரலாம். வாடகை வீட்டில் பிள்ளை குட்டிகளோடு இருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிட்ஜெரால்டுக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு செனட்டர் இருந்தார், பத்திரிகைகள் இருந்தன, கேஸ் நடத்த வக்கீல்கள் இருந்தார்கள். அத்தனை இருந்தும் பதினான்கு வருஷம். இவை ஒன்றும் இல்லாத ஒரு ஸ்டோர் கிளார்க் "சரக்கு சரியில்லை" என்று எழுதும்போது, அந்த ஒரு வரியின் எடை என்ன என்று அவருடைய மேலதிகாரிகளாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிட்ஜெரால்டு 2006 வரை பெண்டகனிலேயே இருந்து, எண்பதை நெருங்கும் வயதில் ஓய்வு பெற்றார். தாம் செய்த குற்றம் உண்மை பேசியது ஒன்றுதான் என்று கேலியாகச் சொல்வது அவர் வழக்கம். 2019 ஜனவரி 31-ந் தேதி 92 வயதில் காலமானார்.

2024 அக்டோபரில் அமெரிக்க ராணுவ இலாகாவின் தணிக்கை அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். போயிங் கம்பெனியின் சி-17 சரக்கு விமானம் பற்றியது. நம் விமானப் படையிடமும் இருக்கும் வகைதான் அது. அமெரிக்க விமானப் படை வாங்கிய உதிரி பாகங்களில் ஒரு டஜன் அயிட்டங்களுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதாகக் கண்டுபிடித்தார்கள். விமானக் கழிப்பறையில் கை கழுவ வைக்கும் சோப்புக் குப்பிக்கு வெளி மார்க்கெட் விலையைப் போல எண்பது மடங்கு. சோப்புக் குப்பியில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 49 ஆயிரம் டாலர். ராணுவத் தரத்துக்குச் செய்த பொருளைக் கடைச் சரக்கோடு ஒப்பிடுவது சரியில்லை என்பது கம்பெனியின் வாதம்.

அந்தத் தணிக்கை தானாக ஆரம்பிக்கவில்லை. சோப்புக் குப்பியின் விலையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட யாரோ ஒருவர் புகார் எண்ணுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். அவருடைய பெயர் அறிக்கையில் இல்லை.